இலேசான துப்பாக்கியும் கனமான பொறுப்பும்



நம் கோபர்கைரனே அன்பர் ஒருவர் சென்ற மாதம் இப்பகுதிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதில் இரண்டு வினாக்கள் இருந்தன. தி.ஜ.ர. அவர்கள் மொழிபெயர்த்த ‘குமாயுன் புலிகள்’ நூலை அவருடைய மகன் விடுமுறையில் படித்தானாம். “அவ்வளவு பெரிய புலிகளைத் தேடிப்போன ஜிம் கார்பெட், கையில் ஏன் ஒரு சிறிய துப்பாக்கியைக் கொண்டுபோனார்?” என்று கேட்கிறானாம். இது முதல் வினா. இரண்டாவது வினா வீட்டு விவகாரம். கடையத்திற்கு மேற்கே மலையடிவாரத்தில் பயிர்செய்யும் அவருடைய மைத்துனர், “காட்டுப்பன்றித் தொல்லை பொறுக்க முடியவில்லை, வயதாகிவிட்டது, கனமானதைத் தூக்கித் திரிய இயலாது, இலேசான ரைபிள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள்” என்று எழுதியிருக்கிறாராம்.

இரு வினாக்களும் வேறு வேறாகத் தோன்றினும் அடிப்படையில் ஒன்றே. ஆகவே சேர்த்தே விடை கூற முற்படுகிறோம்.

முதலில் கருவியைத் தெரிந்துகொள்வோம். ரைபிள் என்பது குழலின் உட்புறத்தில் திருகு சுற்றான பள்ளங்கள் வெட்டப்பட்ட துப்பாக்கி. அப்பள்ளங்களால் குண்டு பம்பரம்போல் சுழன்று நேராகச் செல்கிறது. நம் ஊர்க் கதவின் தாழ்ப்பாளைப்போல் ஒரு போல்ட் குழலின் பின்வாயை அடைத்துப் பூட்டினால் அது போல்ட் ரைபிள். கைப்பிடியை மேலே திருப்பிப் பின்னால் இழுத்தால் வெடித்த தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளிக் கீழே மடக்கினால் புதிய தோட்டா உள்ளே ஏறிப் பூட்டிக்கொள்ளும். ஜெர்மானியரான பால் மவுசர் 1898-இல் செம்மைப்படுத்திய அமைப்பே இன்றுவரை பெரும்பாலான வேட்டை ரைபிள்களுக்குத் தாய்.

அக்காலத்துச் செல்வர்கள் பெருவிலங்கு வேட்டைக்கு இரட்டைக் குழல் ரைபிளை விரும்பினர். இரண்டு தோட்டாக்களை நொடிப்பொழுதில் அடுத்தடுத்துச் சுடலாம் என்பது அதன் சிறப்பு. ஆனால் இரண்டு குழல்கள், இரண்டு விசைகள், இரண்டும் ஒரே இடத்தில் குறி சேரும்படி இழைத்துப் பொருத்தும் வேலை என்பவற்றால் அதன் விலையும் மிகும்; எடையும் நாலரைக் கிலோவைத் தாண்டும். போல்ட் ரைபிளுக்கோ ஒரே குழல்தான். எடை மூன்றரைக் கிலோ அளவில் நிற்கும். ஐந்து தோட்டாக்கள் உள்ளேயே அடங்கும். உறுப்புகள் குறைவு; பழுதும் குறைவு. நாள் முழுதும் மலையேறி இறங்குபவனுக்கு அந்த ஒரு கிலோ வேறுபாடு மாலையில்தான் தெரியும். சோர்ந்த கை நடுங்கும். நடுங்கும் கை குறி தவறும். இலேசான ரைபிளின் நியாயம் இதுவே.

இனிக் கார்பெட்டின் துப்பாக்கிக்கு வருவோம். 1907-ஆம் ஆண்டு குமாயூனில் சம்பாவத் என்னும் ஊரருகே அவர் ஓர் ஆட்கொல்லிப் பெண்புலியைச் சுட்டு வீழ்த்தினார். நேபாளத்தில் 200 பேரும் குமாயூனில் 236 பேருமாக 436 மக்களைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட புலி அது. அச்செயலைப் பாராட்டி, ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநராயிருந்த சர் ஜான் ஹீவெட் அவருக்கு ஒரு ரைபிளைப் பரிசளித்தார். இலண்டன் ஜான் ரிக்பி நிறுவனத்தார் செய்த .275 போல்ட் ரைபிளே அது. பரிசு விவரம் பொறித்த வெள்ளித் தகடு அதன் கட்டையில் பதிக்கப்பட்டிருந்தது.

.275 என்பது குழல்விட்டத்தின் அளவு. ஓர் அங்குலத்தில் கால்பங்கிற்குச் சற்று மிகுதி. மவுசரின் ஏழு மில்லிமீட்டர்த் தோட்டாவுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரே இது. குண்டின் எடை ஒன்பது கிராம் அளவே. புலிக்கு இது போதுமோ என்று அந்நாளிலும் ஐயுற்றோர் உண்டு. கார்பெட் தாமும் இதை மட்டுமே நம்பியிருக்கவில்லை, புலி வேட்டைக்கென்று.450/400 இரட்டைக் குழல் ரைபிள் ஒன்றும் வைத்திருந்தார். ஆனாலும் நெடுந்தொலைவு நடக்கவேண்டிய வேளைகளில் அவர் கையில் இருந்தது பெரும்பாலும் இந்தச் சிறிய ரிக்பியே. எட்டு ஆண்டுகளில் 125 பேரைக் கொன்ற ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையை 1926-ஆம் ஆண்டு மே மாதத்து இருளில், மாமரத்தின்மேல் அமர்ந்து, ஒரே வெடியில் அவர் வீழ்த்தியது இதனால்தான்.

சிறுவனின் வினாவுக்கு நேர்விடை 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் நடந்த நிகழ்ச்சியில் இருக்கிறது. 64 பேரைக் கொன்ற சௌகட் பெண்புலியைத் தேடி ஓர் ஓடைப்பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தார் கார்பெட். பறவை முட்டை சேர்ப்பதில் அவருக்கு விருப்பம் உண்டு. வழியில் கண்ட பக்கிக்குருவியின் முட்டைகள் இரண்டை இடக்கையில் ஏந்தியிருந்தார், வலக்கையில் ரைபிள். ஒரு பெரும் பாறையைக் கடந்து திரும்பிப் பார்த்தால், எட்டடித் தொலைவில் புலி பாயும் நிலையில் படுத்திருக்கிறது. இடக்கையில் முட்டைகள். விரைந்து திரும்பினால் புலி பாய்ந்துவிடும். ஆதலால் மார்பின் குறுக்கே பிடித்திருந்த ரைபிளை ஒரே கையால் சிறிது சிறிதாக, புலியின் கண்ணுக்கு அசைவு தெரியாத வண்ணம், அரைவட்டத்திற்கும் மேலாகச் சுழற்றிக் கொண்டுவந்து விசையை அழுத்தினார். புலி இருந்த இடத்திலேயே சாய்ந்தது. நாலரைக் கிலோ இரட்டைக் குழலாயின் ஒரு கையால் அவ்வளவு பொறுமையாக ஏந்தியிருக்க இயலுமோ? ஐயமே. தம்பி! அந்தச் சிறிய துப்பாக்கியைக் கார்பெட் ஏன் கொண்டுபோனார் என்பது இப்போது விளங்கும்.

ஆயினும் இதைப் படித்துவிட்டு, ‘இலேசானதே சிறந்தது’ என்று முடிவுகட்டிவிடலாகாது. இலேசான ரைபிள் தன் விலையைச் சுடுபவன் தோளிலிருந்து வாங்கிக்கொள்ளும். குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும் அன்றோ? ஒரே தோட்டாவை நான்கு கிலோ ரைபிளிலும் மூன்று கிலோ ரைபிளிலும் இட்டுச் சுட்டால், பின்னதன் உதைவிசையாற்றல் மூன்றில் ஒரு பங்கு மிகும். நாலு முறை உதைபட்டவன் ஐந்தாம் முறை விசையை அழுத்துமுன்பே கண்ணை மூடிக்கொள்வான், தோளைச் சுருக்குவான். அவனை அறியாமலே குழல்வாய் ஓர் இழை விலகும். நூறு கஜத்திற்கு அப்பால் அந்த ஓர் இழை ஒரு சாணாக விரியும். இக்காலத்தில் மரக்கட்டைக்குப் பதிலாகச் செயற்கை இழைக்கட்டை பொருத்தி இரண்டரைக் கிலோவிற்கும் குறைவான ரைபிள்கள்கூட வெளிநாடுகளில் விற்கப்படுகின்றன. அவற்றை மலைமேல் சுமப்பது எளிது. நிதானமாகப் பிடித்துச் சுடுவது அரிது.

ஆகவே இலேசான ரைபிளுக்கு அளவான தோட்டாவே பொருந்தும். சிறிய ரைபிளில் பெரிய தோட்டாவைத் திணிப்பது, கன்றுக்குட்டியைப் பாரவண்டியில் பூட்டுவதைப் போன்றது. அளவான தோட்டாவோ, விலங்கின் உயிர்நிலையில் பட்டால்தான் பயன் தரும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வால்ட்டர் பெல் என்னும் யானை வேட்டைக்காரர், இதே ஏழு மில்லிமீட்டர் ரைபிளை முதன்மைக் கருவியாகக் கொண்டு ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார். யானை மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, மூளை எவ்விடத்தில் எக்கோணத்தில் அமைந்திருக்கிறது என்று ஆராய்ந்த பின்னரே அவர் அவ்வாறு சுட்டார். பின்வந்தோர் அவருடைய துப்பாக்கியைப் பின்பற்றினர், ஆராய்ச்சியைப் பின்பற்றவில்லை. அதனால் விளைந்த கேடு கருதியே இன்று ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில், யானை முதலிய பெருவிலங்குகளுக்கு .375-க்குக் குறைந்த குழல் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். பெல் கண்ட யானைக் கூட்டங்களும் இன்று இல்லை. அதையும் நாம் மறத்தல் ஆகாது.

சட்டம் இடந்தரும் நாடுகளில் வாழும் நம்மவர் எவரேனும் வேட்டை ரைபிள் வாங்க நேரின், பெயரையும் பளபளப்பையும் பார்த்து மயங்கவேண்டா. கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் ஏற்றிப் பின் கண்ணைத் திறந்து பாருங்கள். முன்குறியும் பின்குறியும் தாமே ஒரு நேர்கோட்டில் நின்றால் கட்டையின் நீளம் உங்கள் உடலுக்குப் பொருந்துகிறது. கழுத்தை நீட்டியோ சுருக்கியோ சரிசெய்யவேண்டியிருந்தால் பொருந்தவில்லை. தொலைநோக்கிக் குறியும் வாரும் தோட்டாவும் சேர்ந்தபின் எடை எவ்வளவு என்று நிறுத்துப் பாருங்கள். கடைக்காரர் சொல்லும் எடை வெற்றுத் துப்பாக்கியின் எடையே. போல்ட் தடையின்றி ஓடுகிறதா, காப்பு விசை இருட்டிலும் விரலுக்கு அகப்படுகிறதா என்றும் பாருங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, இருபது தோட்டா சுட்ட பின்னும் கண் மூடாமல் விசையை அழுத்த முடிகிறதா என்று சோதியுங்கள். முடியாதெனில் அது உங்கள் துப்பாக்கி அன்று.

இனி, நாம் சொல்ல வந்த முதன்மையான செய்தி. கார்பெட்டுக்கு அந்த ரிக்பியைப் பெற்றுத்தந்த சம்பாவத் பெண்புலி ஏன் ஆட்கொல்லியாயிற்று? அதன் வாயைத் திறந்து பார்த்தபோது, வலப்புறத்து மேல்கோரைப்பல் பாதியாக உடைந்திருந்தது. கீழ்க்கோரைப்பல் எலும்பு வரையில் பெயர்ந்திருந்தது. பழைய துப்பாக்கிக் காயத்தால் விளைந்த ஊனம் அது. மானையும் எருமையையும் கவ்விக் கொல்லும் வலிமையை அதனால் இழந்தது. எளிதில் அகப்படும் மனிதனைத் தேடியது. எவனோ ஒருவன் என்றோ ஒருநாள் பொறுப்பின்றி விசையை அழுத்தினான். குண்டு உயிர்நிலையை விட்டுப் பல்லில் பட்டது. அவன் வீடு திரும்பி, ‘தப்பிவிட்டது’ என்று சொல்லி உணவருந்திப் படுத்திருப்பான். அவன் செய்த பிழைக்கு 436 குடும்பங்கள் விலை கொடுத்தன. புல்லறுக்கவும் சுள்ளி பொறுக்கவும் சென்ற ஏழைப் பெண்கள் அவர்களில் எத்தனை பேர்!

துப்பாக்கியின் எடை மூன்று கிலோவா நான்கு கிலோவா என்பது வாங்குபவன் கவலை. குறி தவறிய குண்டின் எடையை ஊரே சுமக்கவேண்டும்.

இதனை மனத்தில் கொண்டு, கடையத்து மைத்துனரின் வேண்டுகோளை நோக்குவோம். அவருடைய துன்பத்தை நாம் சிறிதாக எண்ணவில்லை. நட்ட வாழைக்கன்றையும் கிழங்கையும் ஓரிரவில் கிளறிப் போட்டுவிட்டுப் போகும் பன்றிக் கூட்டத்தை மலையடிவாரத்து உழவர் எவரும் மறக்கமாட்டார். நாம் இங்கே மாதந்தோறும் ஊருக்கு அனுப்பும் பணம் அந்த மண்ணிலேதான் விதையாக விழுகிறது. ஆனால் ரைபிள் இதற்கு மருந்தன்று.

சட்டத்தின் நிலை இது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் நம் நாட்டில் வேட்டை விளையாட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. மனித உயிருக்கோ பயிருக்கோ கேடு விளைக்கும் விலங்கைக் கொல்ல, உரிய வன அதிகாரி காரணம் காட்டி எழுத்தில் ஆணையிட்டால் மட்டுமே இயலும். முதல் அட்டவணையில் உள்ள விலங்கை ஆணையின்றிக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. காட்டுப்பன்றியைப் பொறுத்தவரை, கேரளம் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரத்தை அளித்தது. உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்கள் அங்கே அழைக்கப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் 2025-ஆம் ஆண்டு சனவரியில் வந்த அரசாணையோ வேறு வகையானது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். அதற்கு அப்பால் மட்டுமே சுடலாம். அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறையினரே சுடவேண்டும். எனவே மைத்துனர் எத்துணை நல்ல ரைபிளை வாங்கினாலும், அதனால் ஒரு பன்றியைச் சுட்ட மறுகணமே குற்றவாளி ஆவார்.

வாங்குவதும் எளிதன்று. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். இராணுவத்துக்குரிய .303 முதலிய அளவுகள் பொதுமக்களுக்குத் தடை. அதனாலேயே வங்காளத்து ஈசாப்பூர் அரசுத் தொழிற்சாலையில் .315 என்னும் போல்ட் ரைபிளைப் பொதுமக்களுக்கெனச் செய்துவந்தனர். இது வெகுதொலைவு செல்லும் குண்டு. பன்றியைத் தவறவிட்டால் பக்கத்து வயலில் நீர் பாய்ச்சுபவர்மேல் படாது என்பதற்கு உறுதி என்ன? இரவில், டார்ச் வெளிச்சத்தில், வயதான கண்ணுக்கு, வரப்போரம் குனிந்திருக்கும் மனிதனும் பன்றிபோலவே தோன்றுவான்.

மைத்துனர் செய்யத்தக்கவை வேறு உண்டு. பயிர்ச் சேதம் கண்ட உடனே படம் எடுத்துக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் இழப்பீட்டு மனு கொடுக்கட்டும். நிலம் காப்புக்காட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதை மனுவில் குறிக்கட்டும். அவ்வரசாணையின் பயன் அந்தத் தொலைவைப் பொறுத்ததே. அண்டை நிலத்தாருடன் சேர்ந்து வேலி அமைத்தால் செலவு பங்காகும். வேலியில் நேர்மின்சாரம் பாய்ச்சுவதும், அவுட்டுக்காய் என்னும் வெடிகாய் வைப்பதும் மட்டும் வேண்டவே வேண்டா. 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில், கேரளத்தில், வாயில் வெடி வெடித்துத் தாடை சிதைந்த கருவுற்ற யானை ஒன்று வெள்ளியாற்று நீரில் நின்றபடியே உயிர்விட்டதை நாடே கண்டு கலங்கியது. சம்பாவத் புலியின் உடைந்த பல்லும் அந்த யானையின் சிதைந்த தாடையும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன.

இன்னொரு செய்தியும் நம் இல்லங்களுக்கு வேண்டுவது. ஊரில் பாட்டனார் காலத்துத் துப்பாக்கி பரணில் கிடக்கலாம். உரிமக்காரர் மறைந்த பின் அதை வீட்டில் வைத்திருப்பது குற்றமாகும். அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ உடனே ஒப்படைத்துச் சீட்டுப் பெறவேண்டும். வாரிசு விரும்பினால் தம் பெயருக்கு உரிமம் கேட்டு மனுச் செய்யலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருத்தலாகாது. ‘தாத்தா நினைவுக்கு இருக்கட்டும்’ என்று பரணிலேயே விட்டுவைப்பது, நினைவுச் சின்னமாகாது. பேரப்பிள்ளைகளுக்கு வைத்த கண்ணியாகும்.

முடிவாக, மகனுக்கு ஒரு சொல். கார்பெட் பிற்காலத்தில் துப்பாக்கியைக் குறைத்துக்கொண்டு புலியைப் படமெடுக்கும் கருவியைத் தூக்கினார். அவர் நிறுவத் துணைநின்ற வனப் பூங்காவுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. நம் தமிழகத்திலும் அத்தகையோர் உண்டு. இளமையில் வேட்டையாடிய நீலகிரி வழக்கறிஞர் இ.ஆர்.சி. தாவீதார், துப்பாக்கியை வைத்துவிட்டு மலைமுகடுகளில் நடந்து வரையாடுகளை எண்ணினார். 1975-இல் அவர் செய்த ஆய்வு அவ்விலங்கைப் பற்றிய முன்னோடி ஆய்வுகளில் ஒன்று. அவர் நினைவாகவே அக்டோபர் 7-ஆம் நாளைத் தமிழக அரசு வரையாடு நாளாகக் கொண்டாடுகிறது. 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்து வரையாடுகள் 1,031.

2021-ஆம் ஆண்டில் கூடலூர், மசினகுடிப் பகுதியில் நால்வர் உயிரைப் போக்கியதாகக் கூறப்பட்ட டி-23 என்னும் புலியை மூன்று வாரம் தேடினார்கள். கொல்லவும் ஆணை பிறந்திருந்தது. உயிரோடு பிடிக்க முயலுமாறு உயர் நீதிமன்றம் அறிவுறுத்தியது. அக்டோபர் 15-ஆம் நாள் மயக்க ஊசியால் அது பிடிக்கப்பட்டு மைசூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கும் துப்பாக்கி தோளில் ஏறியது; விசை அழுத்தப்பட்டது; குறி தவறவில்லை. ஆனால் புலியும் சாகவில்லை, அதன்பின் மனிதரும் சாகவில்லை. இலேசான துப்பாக்கியைத் தேடும் அன்பருக்கு இதனினும் இலேசான துப்பாக்கி ஒன்றை நாம் அறியோம்.

கடையத்து மைத்துனருக்கு நம் வணக்கத்தைத் தெரிவித்து, வனச்சரக அலுவலகத்திற்கு எழுதவேண்டிய மனுவை அன்பர் இவ்வாரமே எழுதி அனுப்புவாராக. தமிழில் எழுதித்தர உதவி வேண்டுமாயின், ஞாயிறு மாலை சங்கத்திற்கு வந்தால் கூடி எழுதுவோம்.